சாம் டைலர் ஒளித்த காகிதம்

கொலையாளி பிடிபட்டுவிட்டான். கடத்தப்பட்ட பெண் உயிரோடு கிடைத்துவிட்டாள். ஸ்டேஷனில் எல்லோரும் பப்புக்குக் கிளம்பத் தயார். அந்த நேரத்தில் ஒரு காகிதம் மட்டும் இடிக்கிறது. பிடிபட்டவன் மனநிலை சரியில்லாதவன் என்று நீதிமன்றத்தில் காட்டக்கூடிய காகிதம். அது போய்ச் சேர்ந்தால் அவன் சிறைக்குப் பதில் மருத்துவமனைக்குப் போவான், ஒருநாள் வெளியே வருவான். இன்ஸ்பெக்டர் யோசிக்கிறார். காகிதம் இல்லாமல் போகிறது.

'லைஃப் ஆன் மார்ஸ்' தொடரின் முதல் எபிசோட் இது. பிபிசி ஒன்றில் 2006 ஜனவரி 9 அன்று வந்தது. எழுதியவர் மேத்யூ கிரஹாம், இயக்கியவர் பரத் நல்லூரி. நல்லூரி ஆந்திராவின் குண்டூரில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். முதல்முறை பார்த்தபோது டைட்டிலில் அந்தப் பெயரைக் கண்டதும் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, அதை மறைப்பானேன்.

அப்போது நான் ஒரு கிரிமினல் வக்கீலிடம் ஜூனியராகக் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்தது கார், பாட்டு, ஜீன் ஹன்ட் என்ற முரட்டு மேலதிகாரியின் வாய் எல்லாம்தான். அந்தக் காகிதம் கண்ணில்கூடப் படவில்லை. போன மாதம் திரும்பப் பார்த்தபோது அது ஒன்றுதான் கண்ணில் நின்றது. அதனால் இதை விமர்சனமாக எழுதாமல், ஒரு கேஸ் கட்டைப் பிரித்துப் பார்ப்பதுபோலவே எழுதிப் பார்க்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை. 2006, மான்செஸ்டர். சாம் டைலர் சீஃப் இன்ஸ்பெக்டர், எதையும் விதிப்படி செய்கிறவன். தொடர் கொலை வழக்கொன்றில் காலின் ரைம்ஸ் என்பவனைப் பிடிக்கிறார்கள். விசாரணை அறையில் வக்கீல் உண்டு, ஒலிப்பதிவு உண்டு, எல்லாம் முறைப்படி. ஆனால் ரைம்ஸ் அந்தக் கொலையைச் செய்திருக்க முடியாது என்பதற்கு ஆதாரம் வந்துவிடுகிறது. சாம் அவனை விட்டுவிடுகிறான். சக அதிகாரியும் காதலியுமான மாயா ராய்க்கு மனசு ஒப்பவில்லை. அவள் தனியாக ரைம்ஸைப் பின்தொடர்ந்து போய்க் காணாமல் போகிறாள். பதறிப்போன சாம் மேம்பாலத்துக்கு அருகே ஜீப்பை நிறுத்தி இறங்குகிறான். ஜீப்பில் டேவிட் போவி பாடிக்கொண்டிருக்கிறார். ஒரு கார் வந்து அடிக்கிறது.

கண் விழித்தால் 1973. அதே பாட்டு, ஆனால் வேறொரு பழைய காரில் ஓடுகிறது. காலில் அகலமான பேன்ட், சட்டைக்குப் பெரிய காலர். மேம்பாலம் இருந்த இடம் வெறும் பொட்டல், அங்கே இனிமேல்தான் பாலம் வரப்போவதாக ஒரு பலகை. இந்தப் பலகை தப்பு. அந்த மேம்பாலச் சாலையான மான்குனியன் வே நிஜத்தில் 1967 மே மாதமே திறந்தாயிற்று. இது படைப்பாளிகளுக்கும் தெரிந்த தப்புதான், காட்சி அழகுக்காக விட்டிருக்கிறார்கள். இந்தத் தொடரின் 1973 வரலாற்றுப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது இல்லை, ஒருவன் தலைக்குள்ளிருந்து வந்தது என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். அந்த வசதி முதல் பத்து நிமிடத்திலேயே அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது.

இங்கே அவன் சீஃப் இன்ஸ்பெக்டர் இல்லை. ஹைட்டிலிருந்து மாற்றலாகி வந்த சாதாரண இன்ஸ்பெக்டர். மேலதிகாரி ஜீன் ஹன்ட், ஒட்டக நிறக் கோட்டு போட்டவன், கை முதலில் பேசும், வாய் அப்புறம். சார்ஜென்ட் ரே கார்லிங், இளையவன் கிறிஸ் ஸ்கெல்டன், சீருடைப் பிரிவில் ஆனி கார்ட்ரைட். அவர்கள் கையிலும் ஒரு கொலை இருக்கிறது, அடுத்த பெண்ணும் கடத்தப்படுகிறாள். இறந்தவளின் நகக்கண்ணில் செயற்கை இழைகள். 2006 வழக்கிலும் அதே இழைகள்தான். சாமுக்கு நெஞ்சு படபடக்கிறது: முப்பத்து மூன்று வருட இடைவெளியில் ஒரே ஆள்.

துப்பு துலங்கும் விதம் அழகு. மரபணுச் சோதனை என்ற பேச்சே கிடையாது. லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் அதைக் கண்டுபிடிக்க இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. கைரேகை முடிவுக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக சாமுக்கு மிஞ்சுவது மூளை ஒன்றுதான். ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைகிறான். பாட்டைப் போட்டுக் கேட்கிற சின்ன அறையின் சுவரைப் பார்த்ததும் பொறி தட்டுகிறது. இழை துணியிலிருந்து வந்தது இல்லை, சத்தம் வெளியே போகாமல் சுவரில் அடிக்கிற பொருளிலிருந்து வந்தது. அப்படியானால் யாரோ வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்திருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரர்கள் அலுத்திருப்பார்கள், ஸ்டேஷனில் இரைச்சல் புகார் இருக்கும். தேடினால் இருக்கிறது. புகார் கொடுத்த குடும்பத்தின் பெயர் ரைம்ஸ். புகாருக்குள்ளானவன் எட்வர்ட் க்ரேமர்.

இந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். கைரேகைக்கும் ரத்தத்துக்கும் கிடைக்காத விடை, யாரும் மதிக்காத புகார்க் கட்டில் கிடைக்கிறது. ஸ்டேஷன்களில் கொஞ்ச நாள் சுற்றியவர்களுக்குத் தெரியும், நிஜத்திலும் பாதி வழக்குகள் இப்படித்தான் திறக்கும்.

ஆனி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் உளவியல் படித்தவள். கொலையாளியின் மனப்போக்கு பற்றிப் பேசச் சொல்லி அறை நிறைய ஆண்கள் முன்னால் சாம் அவளை நிறுத்துகிறான். கிண்டலும் சிரிப்பும்தான் பதில். பிரிட்டனில் பெண் காவலர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்த ஏற்பாடு அந்த வருடங்களில்தான் கலைந்துகொண்டிருந்தது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1975இல்தான் வந்தது. சாம் நல்லெண்ணத்தோடுதான் கூப்பிட்டான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூப்பிட்டான் என்பது இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. நியாயவானுக்கும் ஓர் அலட்சியம் இருக்கிறது. அதே அலட்சியம் கடைசியில் காகிதத்தின் மீதும் போகிறது.

சரி, காகிதத்துக்கு வருவோம்.

சாமின் கணக்கு இதுதான். க்ரேமர் பைத்தியம் என்று தீர்ப்பானால் பாதுகாப்பு மருத்துவமனைக்குப் போவான். முப்பது வருடம் கழித்துக் குணமாகிவிட்டான் என்று விடுவார்கள். 2006இல் திரும்பவும் கொல்வான். மாயா அவன் கையில் மாட்டுவாள். மாறாக, புத்தி தெளிவோடு செய்தான் என்று தீர்ப்பானால் சிறை. வரமாட்டான். மாயா பிழைப்பாள்.

இந்தக் கணக்கில் உணர்ச்சிக்குக் குறையில்லை. சட்டத்தைத்தான் காணவில்லை.

பிரிட்டனில் கொலைக்கு மரண தண்டனை 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு 1969இல் நிரந்தரமாகப் போயிற்று. அதன்பின் கொலைக்கு ஒரே தண்டனை ஆயுள். ஆனால் அந்தக் காலத்து ஆயுள் என்பது சாகும்வரை உள்ளே கிடப்பது இல்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரோல் வாரியம் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிபந்தனைகளோடு வெளியே வந்த ஆயுள் கைதிகள் நிறையப் பேர். மருத்துவமனைப் பக்கமோ நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி காலவரம்பே இல்லாத கட்டுப்பாட்டு ஆணை போடலாம். போட்டால், உள்துறை அமைச்சர் சம்மதிக்காமல் அந்த ஆளை விடக்கூடாது. ஆக, க்ரேமரை நீண்ட நாள் உள்ளே வைக்க வேண்டும் என்பது நோக்கமானால், சாம் ஒளித்ததுதான் அதற்கு உதவியிருக்கக்கூடிய காகிதம்.

அதுவும் 1973இல். அதற்குச் சற்று முன்புதான் கிரஹாம் யங் வழக்கு நாட்டையே உலுக்கியிருந்தது. வீட்டாருக்கு விஷம் வைத்ததற்காக 1962இல், பதினான்கு வயதில், பிராட்மூர் என்ற காவலுள்ள மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவன். 1971 பிப்ரவரியில் குணமாகிவிட்டான் என்று வெளியே விட்டார்கள். ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சக ஊழியர்களின் தேநீரில் விஷம் கலந்தான். இருவர் இறந்தார்கள். 1972இல் ஆயுள் தண்டனை. மனநலம் குன்றிய குற்றவாளிகளை விடுவிப்பது பற்றி ஆராய பட்லர் குழுவை அரசு அந்த வருடமே அமைத்தது. சாமின் பயம் அர்த்தமற்றது என்று சொல்ல வரவில்லை. 1973இல் எந்தப் போலீஸ்காரனுக்கும் அந்தப் பயம் வந்திருக்கும். ஆனால் அந்த வழக்குக்கு அடுத்த வருடத்தில், ஒரு கொலையாளியை மருத்துவமனையிலிருந்து விடும் தாளில் கையெழுத்துப் போட எந்த அமைச்சருக்கும் கை நடுங்கியிருக்கும்.

எபிசோடில் யங் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜீன் ஹன்ட் வாயிலிருந்து ஒரு நல்ல வசனம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. இந்தக் கதை பகடையை முன்கூட்டியே உருட்டி வைத்திருக்கிறது. 2006இல் சாம் விதியை மதித்தான், மாயா தொலைந்தாள். 1973இல் விதியை மீறினான், மாயாவுக்கு ஒரு வழி பிறந்தது. பார்க்கிறவன் மனதில் என்ன பதியும்? விதி ஆளைக் கொல்லும், உள்ளுணர்வு காப்பாற்றும். ஜீன் ஹன்ட் மீது பிரிட்டனே காதலில் விழுந்ததற்கு ஃபிலிப் க்ளெனிஸ்டரின் நடிப்பு பாதிக் காரணம் என்றால், இந்தப் பகடை மீதிக் காரணம். ஆனால் அந்த 2006 காட்சியை நிதானமாகத் திரும்பப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாமே கடைசியில் வந்து சேர்கிற முடிவுப்படி கொலைகாரன் க்ரேமர். ரைம்ஸ் அவனுக்குப் பக்கத்து வீட்டுப் பையன். அப்படியென்றால் ரைம்ஸை விட்டது சரி! விதி தப்புப் பண்ணவில்லை. செய்யாத கொலைக்கு ஒருவன் உள்ளே போகாமல் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எபிசோடுக்கு நேரமில்லை. நமக்கும் அன்று கேட்கத் தோன்றவில்லை.

ஜீன் ஹன்ட்டின் முறை நிஜத்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அதே காலத்து வழக்கு ஒன்று இருக்கிறது. 1972 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனில் ஒரு வீடு தீப்பிடிக்கிறது, உள்ளே மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவரின் உடல். மூன்று பையன்களைப் பிடித்தார்கள். மூத்தவனுக்கு வயது பதினெட்டு, மனவளர்ச்சி எட்டு வயதுக் குழந்தையுடையது. கடைசிப் பையனுக்குப் பதினான்கு. கூட வக்கீல் இல்லை, கேள்வி கேட்கும்போது பெற்றோர் இல்லை. மூவரும் ஒப்புக்கொண்டார்கள், அந்த நவம்பரிலேயே தண்டனை விழுந்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மரண நேரம் பற்றிய கணக்கே ஒப்புதல்களோடு ஒத்துப்போகவில்லை. முன்னாள் நீதிபதி ஃபிஷரின் விசாரணை, அதன் தொடர்ச்சியாக ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணைக் குழு, 1981இல் அதன் அறிக்கை. அந்த வரிசையின் கடைசியில் வந்ததுதான் 1984ஆம் ஆண்டுப் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். வக்கீலைப் பார்க்கும் உரிமை, காவலில் வைக்கும் மணிக்கணக்கு, விசாரணையை ஒலிநாடாவில் பதிவது என்று 2006 சாம் வாயைத் திறந்தால் கொட்டுகிற விதிகளெல்லாம் அந்தச் சட்டமும் அதன் நெறித்தொகுப்புகளும் கொடுத்தவை.

அதற்கு முன் என்ன இருந்தது? நீதிபதிகள் விதிகள் என்று ஒரு வழிகாட்டல். 1912இல் தொடங்கி 1964இல் திருத்தப்பட்டது. சட்டம் என்ற அந்தஸ்து இல்லை. போலீஸ் மீறினாலும் வாக்குமூலத்தை ஏற்பதா தள்ளுவதா என்பது நீதிபதியின் விருப்பம். ஜீன் ஹன்ட் அப்படியொன்றும் சட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை, அதன் ஓட்டைக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறான். இரண்டும் வேறு வேறு. தொடர் அவனைக் காட்டுமிராண்டி ஹீரோவாகக் காட்டும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

இங்கே ஒரு பக்கவாட்டுச் செய்தி, தொழில் புத்தி விடவில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று இந்தியாவுக்கு 1872லேயே சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் இதே ஆங்கிலேயர்கள்தான். இன்றைய பாரதிய சாட்சிய சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. தங்கள் ஊரில் மட்டும் போலீஸ் வாங்கிய வாக்குமூலத்தைக் கடைசிவரை நம்பினார்கள். நம்மூர் ஜீன் ஹன்ட்களை நம்பாதவர்கள் மான்செஸ்டர் ஜீன் ஹன்ட்டை ஏன் நம்பினார்கள் என்று என் சீனியர் இருந்தால் கேட்டிருப்பார். அந்தப் பிரிவு இருந்தும் நம்மூர் ஸ்டேஷன்களில் என்ன நடந்தது, நடக்கிறது என்பது வேறு கட்டு. அதை இங்கே பிரிக்கவில்லை.

இது அறிவியல் புனைவுத் தொடர் என்பதால் இன்னொரு கேள்வியும் பாக்கி இருக்கிறது. தொடர் தொடக்கத்திலேயே மூன்று வழிகளை வைக்கிறது. சாமுக்குப் பைத்தியம், அல்லது அவன் கோமாவில் இருக்கிறான், அல்லது நிஜமாகவே காலத்தில் பின்னால் போய்விட்டான். மூன்றில் எது என்பதைப் பொறுத்துக் காகிதத்தின் கனம் மாறுகிறது. காலப் பயணம் என்றால் க்ரேமர் என்ற நிஜ மனிதனுக்கு எதிராக ஒரு போலீஸ் அதிகாரி சாட்சியத்தை மறைத்த குற்றம் அது. கோமா என்றால் ஒருவன் கனவில் ஒளித்த தாள், எந்தக் கோர்ட்டும் கேட்காது. ஆனால் கனவில் ஒளித்தாலும் ஒளித்தவன் சாம்தான். விதி விதி என்று உயிரை விடுகிறவன், விளைவே இல்லாத இடம் கிடைத்ததும் முதல் வேலையாகச் செய்தது அது. எனக்கு இந்த வாசிப்புதான் அதிகம் உறுத்துகிறது.

நல்ல காலம், எபிசோடும் இந்த உறுத்தலை முழுக்க விட்டுவிடவில்லை. காகிதம் போன பிறகும் சாம் 2006க்குத் திரும்பவில்லை. மாயாவுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவள் குரலாக இரண்டாம் சீசனில்தான் வருகிறது. எதற்காகச் செய்தானோ அது பலித்ததா என்று தெரியாமலே அவன் மொட்டை மாடி விளிம்புக்குப் போகிறான். குதித்தால் கோமா கலைந்துவிடும் என்று நம்பிக்கொண்டு நிற்கிறான். ஆனி மேலே வந்து அவன் கையைப் பிடிக்கிறாள். அவள் உள்ளங்கையில் மண் துகள் நெறுநெறுக்கிறது. கற்பனை என்றால் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று அவன் திகைக்கிறான். சாமாக நடிக்கும் ஜான் சிம் அந்த இடத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை, கையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். பதினாறு எபிசோட்களில் நான் அதிக முறை ஓட்டிப் பார்த்தது அந்த சில நொடிகளைத்தான்.

பெயர் பற்றிய துணுக்கு ஒன்று. நாயகனுக்குக் குடும்பப் பெயர் வேண்டும் என்று மேத்யூ கிரஹாம் தன் சின்ன மகளைக் கேட்டாராம். டைலர் என்றாளாம் அவள். 'டாக்டர் ஹூ' தொடரில் வரும் ரோஸ் டைலர் நினைவில்தான் சொன்னாள் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வழக்குக்கு இது தேவையில்லை, இருக்கட்டும்.

கடைசியாக, ஜூனியராகக் கட்டுத் தூக்கியவனின் கேள்வி. 1973இல் இங்கிலாந்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு ரிமாண்டில் இருக்கிறவனின் மனநிலையைச் சிறை மருத்துவர் பார்த்து அறிக்கை கொடுப்பது வழக்கம். அவன் தரப்பு வக்கீலும் தன் பங்குக்கு ஒரு மருத்துவரைக் கொண்டுவரலாம். மனக்கோளாறால் கொலைக்கான பொறுப்பு குறைகிறது என்று 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கக்கூடிய வாதம் வேறு கையில் இருக்கிறது. சாம் ஒளித்தது ஒரே ஒரு தாள். தட்டச்சுப் பொறியில் அடித்த தாள். அந்தக் காலத்து ஆபீஸ்களில் அப்படி எதை அடித்தாலும் அடியில் கார்பன் வைத்து இன்னொரு தாளையும் சேர்த்துச் சொருகுவார்கள். அந்த இரண்டாவது தாள் யாருடைய ஃபைலில் இருக்கிறது என்று ஸ்டேஷனில் ஒருத்தரும் கேட்கவில்லை, ஜீன் ஹன்ட் உட்பட.